ஓட்ஸ் ரொட்டியில் மூன்று கறுப்புத் துண்டுகள்

அன்பும் மரியாதையும் உள்ள மார்லிஸ் பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் சிக்னி எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, பூனை மூவரும் சுகம். ஃபார்கோவில் நீங்களும் உங்கள் முழங்காலும் சலவைக் கடையின் மெஷின்களும் குறையில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று எழுதினால் உங்களுக்கும் அம்மாவுக்கும் மறுபடி பேச்சு நின்றுவிடும் என்பதால் அதை எழுதவில்லை.

மே பண்டிகை அன்று நான் முதலில் பார்த்தது வெண்டலின் நகத்தைத்தான். வலது கட்டைவிரல் நகத்துக்குள் கரி. வெண்டலை உங்களுக்குத் தெரியும், கவுண்டி சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைத் தாடி, பழைய காலத்துத் தேவியைக் கும்பிடக் கூடும் அம்மாவின் வட்டத்தில் அவர் பெயர் இடிமுழக்கம். போன கோடையில் அங்கியின் கையில் நெருப்புப் பிடித்துக்கொண்டதில் இருந்து அவர் நெருப்பு இருக்கும் பக்கமே வருவதில்லை. அங்கியின் இடுப்புக் கயிற்றில் கை சுத்தம் செய்யும் மருந்துப் புட்டி ஒன்று எப்போதும் தொங்கும். அப்படிப்பட்ட மனிதரின் நகத்துக்குள் கரி எப்படி வந்தது என்று அப்போதே யோசித்து ஓடியிருக்க வேண்டும். நான் ஓடுகிற ஆள் இல்லையே. வழக்கம்போல நின்றேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொஞ்சம் பின்னால் இருந்து வருகிறேன். அம்மாவின் வட்டத்துக்கு நீங்கள் ஒரே ஒரு முறை வந்து, அங்கி போட்ட எல்லாரையும் மேலும் கீழும் பார்த்து, "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நம் ஊரில் சகிக்கவில்லை என்பதை அதைவிடக் கடுமையாகச் சொல்ல வழி கிடையாது, அதனால் அம்மாவுக்கு அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. நீங்கள் போன பிறகு வித்தியாசம் கூடிவிட்டது. வருஷம் என்பது ஒரு சக்கரம், அதற்கு எட்டு ஆரம், ஆரத்துக்கு ஒரு பண்டிகை, இது ஐயாயிரம் வருஷத்து வழக்கம் என்பது அம்மாவின் கட்சி. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த வருஷத்தில் இருந்துதான் இது வழக்கம். அந்தப் பண்டிகைகளை ஏற்படுத்தினவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பச்சைப் பசேல் ஊரில் இருந்திருக்கிறார்கள். பிப்ரவரியில் அங்கே ஆடு குட்டி போடுமாம், புல் முளைக்குமாம். அந்தக் காலண்டரை மினசோட்டாவுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

பிப்ரவரிப் பண்டிகைக்கு பிரிஜிட் தேவி வீட்டுக்குள் வருவதற்காக வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்பது முறை. அம்மா வைக்கோலில் பொம்மை செய்து, கதவுக்குப் பக்கத்தில் அதற்குச் சின்னப் படுக்கை போட்டு, கதவை ஒரு செங்கல் வைத்துத் திறந்துவிட்டு, "தேவி வர்ற வரைக்கும் யாரும் மூடக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். தேவி வரவில்லை. குளிர் வந்தது. காலையில் சமையலறைக் குழாய் வெடித்து, பொம்மையின் படுக்கை ஐஸுக்குள் உறைந்து, பூனை அடுப்புக்குள் உட்கார்ந்திருந்தது. அம்மா அந்த ஐஸைப் பார்த்து, "தண்ணி வடிவத்துல வந்திருக்கா பாரு" என்றார். குழாய்க்காரர் குனிந்தபடியே, "வருஷா வருஷம் இப்படித்தான் வருவாங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது அடுத்த வருஷம் எங்கள் வீட்டுக்கு முன்கூட்டியே நேரம் ஒதுக்குவதற்காக.

மார்ச் பண்டிகைக்கு முட்டைக்கு வண்ணம் தீட்டி மண்ணில் புதைக்க வேண்டும். மண் எங்கே இருக்கிறது, கர்ட்டின் வயல் முழுக்கப் பனி. (கர்ட் வட்டத்தில் சேராதவர். அவர் மனைவி ஆர்லெட்தான் சேர்ந்திருக்கிறார். அதற்காகத்தான் வயலைத் தந்திருக்கிறார், வேலி ஓரமாக டிராக்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பார், காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவர் மாதிரி.) எனவே வேகவைக்காத முட்டைகளைப் பனிக்குள் புதைத்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா, இந்த முட்டை திரும்ப வரும்.

இலையுதிர் காலப் பண்டிகையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அதில் உங்கள் அப்பா சம்பந்தப்பட்டிருக்கிறார். இறந்தவர்களுக்கு ஒரு நாற்காலி, ஒரு தட்டு போட்டு எல்லாரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட வேண்டும். எட்டில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான், அன்றைக்கு எல்லாரும் என்னை மாதிரி ஆகிவிடுகிறார்கள். அதையும் வெண்டல் கெடுத்தார். அக்டோபர் கடைசி நாள் என்பது காலண்டர்க் கணக்கு, சூரியக் கணக்குப்படி அது அடுத்த வாரம்தான் வருகிறது என்று படம் போட்டுக் காட்டினார். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. நம் ஊர் வழக்கப்படி யாரும் யாரையும் தப்பு என்று சொல்லாமல், "ரெண்டுமே வச்சுக்கலாமே" என்று முடித்தார்கள். அதனால் உங்கள் அப்பாவுக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தட்டு வைத்தோம். உயிரோடு இருந்தபோதே அம்மா சமைத்ததை அவர் சாப்பிட மாட்டார், சர்ச்சில் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லுவார். இரண்டாம் முறையும் தட்டு அப்படியே இருந்தது. அம்மா மட்டும் கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொல்கிறார். பூனைக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை.

இப்போது மே முதல் தேதிக்கு வருகிறேன். பெல்டேன், வேனில் பிறக்கும் நாள். பிறந்த அன்று காலையில் லேசாகப் பனி தூவிக்கொண்டிருந்தது. வயல் நடுவில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ரிப்பன்கள் கட்டி, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஆட வேண்டும். குழி வெட்டப் போனால் மண்வெட்டி மண்ணில் பட்டுக் கைக்குத் திரும்பி வந்தது. அவ்வளவு கெட்டி. டிராக்டரில் இருந்து கர்ட், "கிறிஸ்துமஸ் மரம் நிறுத்துற ஸ்டாண்ட் கொட்டகையில இருக்கு, வேணும்னா எடுத்துக்குங்க" என்றார். அம்மா அந்தப் பெயரைக் காதில் வாங்காத மாதிரி, "அந்த இரும்பு வளையம் போதும்" என்று வாங்கிக்கொண்டார். ரிப்பன்களும் அம்மா டிசம்பர் கழிந்த பிறகு பாதி விலையில் வாங்கினவைதான், ஒவ்வொன்றிலும் கலைமான் ஓடிக்கொண்டிருக்கும். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் என்று ஆட ஆரம்பித்தோம். ஆண் என்று இருப்பது வெண்டல் ஒருவர்தான். எதிர்ப்பக்கம் தனியாகச் சுற்றினதில் எல்லா ரிப்பனும் அவர் மேலேயே விழுந்து, கடைசியில் கம்பத்தோடு சேர்த்துக் கட்டின மூட்டை மாதிரி நின்றார், தாடியில் கலைமான்கள். ஆர்லெட் அவிழ்த்துவிட்டார். "மூச்சு விட முடியுதா?" என்று கேட்டதற்கு, "ரொம்பப் புனிதமா இருக்கு" என்றார்.

இதெல்லாம் சும்மா முன்னுரை. என் கஷ்டம் ரொட்டியில் இருக்கிறது.

பெல்டேனுக்கு ஓட்ஸ் மாவில் பெரிய வட்ட ரொட்டி சுட்டு, துண்டு போட்டு, ஒரு துண்டில் மட்டும் கரியைத் தேய்த்துக் கறுப்பாக்கி, எல்லாவற்றையும் ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட வேண்டும். ஆளாளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒன்று எடுப்பார்கள். கறுப்பு யாருக்கு வருகிறதோ அவர்தான் அந்த வருஷத்தின் குரல். எட்டுப் பண்டிகைக்கும் நடுவில் நின்று நான்கு திசையையும் கூப்பிட்டு வேண்டுதல் சொல்ல வேண்டியது அவர்தான். இதில் மனிதர் கை எதுவும் கிடையாது, தேவியே தேர்ந்தெடுக்கிறாள். போன வருஷம் தேவி அம்மாவைத் தேர்ந்தெடுத்தாள். அதற்கு முந்தின வருஷமும் அம்மாவைத்தான். அதற்கு முந்தின வருஷமும். தேவிக்கு நல்ல ஞாபகசக்தி. அதனால் குளிர்காலத்தில் வெண்டல் ஒரு விதி கொண்டுவந்தார், ஏற்கெனவே குரலாக இருந்தவர்கள் இனிமேல் எடுக்கக் கூடாது என்று. கண்ணியமான விதி, யாரும் மறுக்க முடியவில்லை. அவர் ஒரு வேண்டுதல் எழுதி வைத்திருக்கிறார், அது உலகம் உண்டாவதற்கு முன்னால் தொடங்குகிறது. நடுவில் இடிச் சத்தம் வரும் இடங்களையும் குறித்து வைத்திருக்கிறார்.

ரொட்டி சுடுவது நான். முந்தின நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார்.

"சிக்னி, கறுப்பாக்கப் போற துண்டுல இப்பவே கட்டைவிரலால ஒரு குழி அமுக்கிடு. நாளைக்கு முதல்ல எடுக்கப் போறது நீதான். குழி தட்டுப்பட்டதும் அதை எடுத்துடு."

"தேவிதானே தேர்ந்தெடுக்கிறா?"

"அவளுக்கு உலகம் பூரா வேலை இருக்கு. நாம கொஞ்சம் கை கொடுத்தா கோவிச்சுக்க மாட்டா."

"என்னால பேச முடியாதும்மா."

"நீ ஏண்டி பேசணும்? நான் எழுதித் தர்றதைச் சொன்னாப் போதும். அந்த ஆள் மட்டும் குரலானா, பனிக்காலப் பண்டிகையில அவர் வேண்டுதலை முடிக்கிறதுக்குள்ள நமக்கெல்லாம் விரல் உறைஞ்சு விழுந்துடும்."

அம்மாவுக்கு என் குரல் வேண்டாம் பெரியம்மா, வெண்டலின் குரல் வேண்டாம், அவ்வளவுதான். நான் ஏன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன் என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவார், மூலிகை படிப்பதற்காக என்று. உங்களுக்கு உண்மை தெரியும். வகுப்பில் ஆளுக்கொரு பக்கம் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள், என் முறை வந்தது, நான் எழுந்து நின்றேன், புத்தகம் கையில் இருந்தது, எழுத்தெல்லாம் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. டீச்சர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். மணி அடிக்கும் வரை நின்றேன். மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. இந்த வருஷத்துக் குரலுக்கு முதல் வேலை ஜூன் மாதம், சூரியன் உச்சிக்கு வரும் பண்டிகை. அதற்கு ஏரிக்கரைப் பூங்காவில் இந்த வட்டாரத்து வட்டங்கள் எல்லாம் கூடும். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் காத்திருப்பார்கள்.

அதனால் நான் என்ன செய்தேன் என்றால், கரியே பூசவில்லை. குழியும் அமுக்கவில்லை. எல்லாத் துண்டும் வெள்ளை. கறுப்பு இல்லையென்றால் யாருமே குரல் இல்லை, இந்த வருஷம் தேவி ஓய்வெடுக்கிறாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்று நினைத்தேன். தொப்பியை மேஜை மேல் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டுக் கம்பத்துக்குப் போனேன். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ஆனால் உங்களுக்குக் குழப்பம் வேண்டாம் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா தொப்பியைத் திறந்து பார்த்திருக்கிறார், கறுப்பு இல்லை என்றதும் ஒரு துண்டை எடுத்து, சாம்பிராணிக் கிண்ணத்துக் கரியைத் தேய்த்து, அங்கியின் கைக்குள் மறைத்துக்கொண்டார். அந்த அங்கியைத் துவைத்தது நான்தான், கைக்கு உட்புறம் முழங்கை வரை கரி. (இந்தக் கறை எதற்குப் போகும் என்று உங்களைத்தான் கேட்க வேண்டும்.) அம்மா போனதும் ஆர்லெட், ரொட்டியில் திராட்சை போட்டிருக்கிறேனா என்று பார்க்கத் துணியைத் தூக்கியிருக்கிறார், ஒன்றுகூடக் கறுப்பு இல்லையே, பாவம் பிள்ளை மறந்துவிட்டாள், அம்மாவிடம் திட்டு வாங்குவாளே என்று நல்ல மனதோடு ஒன்றைக் கறுப்பாக்கித் தொப்பிக்குள் போட்டுவிட்டார். வெண்டல் யாரையும் நம்பாமல் வீட்டில் இருந்தே பையில் கரி கொண்டுவந்திருந்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்த துண்டை அங்கிக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டார். தேவிக்கு எத்தனை கை என்று பாருங்கள்.

எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொண்டோம். அம்மா எடுக்கக் கூடாது என்பதால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். என் முறைக்கு நான் தொப்பிக்குள் கை விடுவதற்கு முன்பே என் உள்ளங்கையில் எதையோ வைத்து விரல்களை மூடிவிட்டார். பிறகு எல்லாரையும் கண்கட்டை அவிழ்க்கச் சொன்னார். என் கையில் கறுப்பு.

நான் கறுப்பே செய்யவில்லையே.

அதற்குள் வெண்டல் கையை உயரத் தூக்கி, "தேவி பேசிட்டா" என்றார். அவர் கையிலும் கறுப்பு.

அம்மா அவர் கையையும் என் கையையும் பார்த்தார். "சிக்னிகிட்டயும் பேசியிருக்கா போல."

பின்னால் இருந்து ஆர்லெட்டின் குரல், "எல்லாரும் மன்னிக்கணும். எனக்கும் ஒண்ணு வந்திருக்கு." தான் கறுப்பாக்கினதே தனக்கு வந்ததில் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது.

பிறகு நம் ஊர்ச் சண்டை தொடங்கியது, அதாவது மரியாதை. "ஆர்லெட், நீங்களே இருங்க" என்றார் வெண்டல், துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே. "ஐயோ வேண்டாம், நீங்களே இருங்க, எனக்குக் காலைல பஸ் ஓட்டணும்" என்றார் ஆர்லெட். அவர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். "சின்னப் பொண்ணு ஆசைப்படுறா, விட்டுக் கொடுக்கலாமே" என்றார் அம்மா. சின்னப் பெண் ஆசைப்படுகிற மாதிரி இருந்தேனா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று பேருக்கும் தங்கள் துண்டு பொய் என்று தெரியும், அடுத்தவர் துண்டு பொய் என்று சொன்னால் தன்னுடையது எப்படி என்று கேள்வி வரும், அதனால் மூவரும் சிரித்துக்கொண்டே நின்றார்கள். கடைசியில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"மூணு வந்திருக்குன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. தேவிக்கு மூணு வடிவம். கன்னி, தாய், கிழவி. கன்னி சிக்னி. தாய் ஆர்லெட்."

எல்லாரும் மெதுவாக வெண்டலைப் பார்த்தார்கள். தாடியில் இன்னும் ஒரு கலைமான் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் கிழவியா?"

"வடிவம்தானே வெண்டல். மனசுல நினைச்சுக்குங்க."

வேலிப் பக்கம் டிராக்டரில் கர்ட் இருமினார். இருமல் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அதே நேரம் பண்டிகைக்காக வயலில் மூட்டியிருந்த நெருப்பின் சூட்டில் ஓரத்துப் பனி உருகி, மார்ச் மாதம் புதைத்த முட்டைகளில் ஒன்று டப் என்று வெடித்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத முடியாது பெரியம்மா, தாளைத் தூக்கி எறிந்துவிடுவீர்கள். "சம்மதம்னு சொல்றா" என்றார் அம்மா, மூக்கைப் பிடித்துக்கொண்டு. "மறுக்கிறான்னும் எடுத்துக்கலாம்" என்றார் வெண்டல், அவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு. பிறகு அவருக்குச் சாலைத் துறையில் இருந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது போல, "ரொட்டி சுட்டவளையே கேட்டுடலாமே. சிக்னி, எத்தனை துண்டுக்குக் கரி பூசினே? நீ சொன்னாச் சரி" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

ஒன்றுமே பூசவில்லை என்று சொன்னால் தப்பித்துவிடலாம். ஆனால் அதற்கு வாய் திறந்து பேச வேண்டும், அதுவும் எல்லார் முன்னாலும், அதுவும் அம்மாவின் முகத்தைப் பார்த்து. இத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல முடிந்த பெண், குரலாக இருந்துவிட்டுப் போகலாமே. பேசாமல் நின்றால் குரலாகிவிடுவேன். எந்தப் பக்கம் போனாலும் பேச்சு. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கையில் இருந்த துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன்.

சாட்சி ஒழிந்தது, இனி கறுப்பு இரண்டுதான், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். கரி பல்லில் ஒட்டும் என்பதை நினைக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பிடித்து எல்லார் பக்கமும் திருப்பினார். உதடு, பல், நாக்கு எல்லாம் மை. "பாருங்க, வாயிலேயே முத்திரை போட்டிருக்கா. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?" என்றார். வட்டத்தில் எல்லாரும் முனகலாக ஆமாம் என்றார்கள். வெண்டல் ஏதோ மறுக்க விரலைத் தூக்கினார், கட்டைவிரல் என் முகத்துக்கு நேரே வந்தது. நான் அந்த நகத்தைப் பார்த்தேன். அவரும் அந்த நகத்தைப் பார்த்தார். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, "வித்தியாசமா இருக்கு" என்றார். இப்படியாக, வாய் திறக்காததற்காகவே நான் குரல் ஆனேன்.

மறுநாள் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஆர்லெட் பள்ளிக்கூடப் பஸ்ஸை என் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து, "கண்ணு, நான் உனக்கு நல்லது பண்ணப் போய்க் கெடுதல் பண்ணிட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள். ஒருவன் என் கறுப்புப் பல்லைப் பார்த்து, பல்லுக்கு என்ன என்று கேட்டான். அந்தக் கரி போக ஒரு வாரம் ஆனது.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள். அம்மா எழுதின வேண்டுதல் நேற்று கைக்கு வந்தது. அதில் சூரியனை 'பொன்னிறத் தந்தையே' என்று கூப்பிடும் இடம் மட்டும் எண்ண முடியாத அளவு இருக்கிறது. ஜூன் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை உங்கள் காரை எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வர வேண்டாம், வந்தால் பேச வேண்டி வரும். நெடுஞ்சாலையில் பெட்ரோல் போடும் இடத்தில் பையோடு நிற்பேன், நீங்கள் கதவைத் திறந்தால் போதும். உங்கள் சலவைக் கடையில் துணி மடிப்பேன், இஸ்திரி போடுவேன், மெஷினில் மறந்துபோன காலுறைகளுக்கு ஜோடி தேடுவேன். அங்கே எல்லாரும் சுற்றுகிற துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் ஒருவரையும் எதுவும் கேட்பதில்லை. உலகத்தில் எனக்குப் பிடித்த இடம் அது.

உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும், மெஷின்கள் நின்றுபோகாமல் இருக்கட்டும், வெயில் கொஞ்சமாகவும் கொசு அதைவிடக் கொஞ்சமாகவும் வரட்டும். உங்கள் கடைக்கு வரும் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம், எனக்கு அவர்களைத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வாய் திறக்காத
சிக்னி

பி.கு.: உறை கிழிந்து, கலைமான் ரிப்பனால் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மன்னிக்கவும். சனிக்கிழமை வர வேண்டாம். இதை ஒட்டி, ஸ்டாம்ப் வைத்து, ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன், அம்மா பிடித்து ஒத்திகைக்கு நிறுத்திவிட்டார். எங்கள் கார் கொட்டகையில், பனி அள்ளும் மெஷினுக்குப் பக்கத்தில் நான், எதிரே மடக்கு நாற்காலிகளில் வட்டம். ஆர்லெட் கேக் துண்டுகள் கொண்டுவந்திருந்தார். வெண்டல் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கக் கடிகாரம் கொண்டுவந்திருந்தார். அம்மா எழுதின தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுத்தெல்லாம் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. காத்திருந்தார்கள். வெண்டல்கூடக் கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "பாவம், விட்டுடுங்க ஷெரில்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா விடவில்லை. "ஒரு வழி இருக்கு. பூங்காவுல பெரிய மரம் ஒண்ணு இருக்கில்ல, அதுக்குப் பின்னால நின்னு நான் வாசிக்கிறேன். நீ முன்னால நின்னு வாயை மட்டும் அசைச்சாப் போதும். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். வட்டத்தில் எல்லாரும் அது நல்ல யோசனை என்ற மாதிரி தலையாட்டினார்கள். நான் அம்மாவின் தாளை மடித்து மெஷின் மேல் வைத்தேன். பையில் இருந்து இந்த உறையை எடுத்துக் கிழித்தேன். "அன்பும் மரியாதையும் உள்ள மார்லிஸ் பெரியம்மாவுக்கு" என்று தொடங்கி, உரக்க வாசித்தேன்.